பச்சை என்று சொல்பவர்

ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் அப்பா கோட்டை மாட்டிக்கொள்கிறார். இடுப்புக்குக் கீழே முழங்கால் தொய்ந்த பைஜாமா, கம்பளிக் காலுறை. மேலே சாம்பல் நிறக் கோட்டு, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. சமையலறை மேசையில் கலைக்களஞ்சியத்தின் தடித்த பகுதிகளை அடுக்கி, அவற்றின் மேல் மடிக்கணினியை ஏற்றி, அதன் எதிரே எழுந்து நிற்கிறார். அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் காலைக் கூட்டத்துக்கு ‘நிற்கும் கூட்டம்’ என்று பெயர். திரையில் தெரியும் மற்ற எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சீம் என்பவன் படுத்திருக்கிறான். நிற்பவர் என் அப்பா ஹெல்துர் ஒருவர்தான்.

“நிக்கணும்னு பேர் வச்சிருக்கான். நின்னுட்டுப் போறேன். இதுல எனக்கு என்ன நஷ்டம்?” என்பார்.

கூட்டம் நிறங்களோடு தொடங்கும். இன்று மனசு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பச்சை என்றால் நன்றாக இருக்கிறேன். மஞ்சள் என்றால் சுமார். சிவப்பு என்றால் முடியவில்லை. சீம் வாரத்தில் பாதி நாள் மஞ்சள். பூனை சாப்பிடவில்லை, காதலி பேசவில்லை, நவம்பர் இருட்டு தாங்கவில்லை. அவன் சொல்லி முடித்ததும் திரையில் குட்டிக் குட்டி இதயங்கள் மிதந்து ஏறும். அடுத்து அப்பாவின் முறை.

“பச்சை.”

அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் வேறு நிறம் சொன்னதில்லை.

கூட்டம் முடிந்ததும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டுவார். சோபாவிலிருந்து தலையணையை எடுத்து வந்து மடிக்கணினியின் மேல் போடுவார். பிறகுதான் காப்பி. கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன் மேல் உப்பிட்ட கிலு மீனை வரிசையாகப் படுக்க வைத்துத் தின்பார். வேலை தொடங்கும்போது தலையணை திரும்பவும் சோபாவுக்குப் போகும். மதிய உணவுக்கு வரும். மாலையில் வந்தால் காலைவரை அங்கேயே இருக்கும்.

இந்தத் தலையணை வழக்கம் கணினியை விடப் பழையது. நான் சின்னவளாக இருந்தபோது, முஸ்தமே என்ற குடியிருப்புப் பகுதியின் இதே வீட்டில், இதே சமையலறை அலமாரியில் தொலைபேசி இருந்தது. அப்பாவின் நண்பர்கள் வந்து உட்காருவார்கள். வானிலை, கால்பந்து, உருளைக்கிழங்கு என்று பேச்சு போகும். சட்டென்று யாராவது ஒருவர் நாற்காலியை முன்னால் இழுப்பார். ஆட்சியாளர்கள் ஒட்டுக்கேட்கலாம் என்று, அம்மா யாரும் சொல்லாமலேயே எழுந்து தலையணையைத் தொலைபேசியின் மேல் வைப்பாள். அரசியல் எதுவும் எனக்குப் புரியாத வயது. தலையணை ஏறினால் நிஜத்தைப் பேசப் போகிறார்கள் என்பது மட்டும் புரியும்.

நான் வலையமைப்புப் பொறியாளர். தலையணை ஒலியை மங்கலாக்குமே தவிர நிறுத்தாது என்று கருவி வைத்து அளந்தே காட்டினேன்.

“ஒலியை நிறுத்த அதுலயே ஒரு பட்டன் இருக்குப்பா.”

“பட்டனைச் செஞ்சது யாரு?”

“கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன்.”

“தலையணையைச் செஞ்சது உங்கம்மா.”

அம்மா விர்வே பிப்ரவரியில் இறந்துவிட்டாள். அதிலிருந்து நானும் என் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த மேசையின் எதிர்ப்புறத்தில் வேலை பார்க்கிறேன். “எப்படிப்பா இருக்கீங்க?” என்று காலையில் கேட்டால், ரொட்டியை மென்றுகொண்டே என்னிடமும் “பச்சை” என்கிறார்.

பொட்டலங்களை ஊருக்கு ஊர் அனுப்பும் மென்பொருளைச் செய்கிறது அவருடைய நிறுவனம். அதில் பிழை தேடுவது அப்பாவின் வேலை. இல்லாத தெருவுக்குப் பொட்டலம் அனுப்புவார். எடை பூஜ்யம் என்று போடுவார். பெறுபவரின் பெயரில் வெறும் புள்ளி வைப்பார். மென்பொருள் தடுக்கி விழுந்தால் முகத்தில் ஒரு திருப்தி வரும். அந்தக் காலத்தில் ஆய்வு நிலையத்தில் துளையட்டைகளை வைத்துக்கொண்டு செய்ததும் ஏறக்குறைய இதுதான் என்கிறார். அப்போது கணினி பெரிதாக இருந்தது, அறை குளிராக இருந்தது.

“அப்போ திட்டம்னா நூத்தி மூணு சதவீதம். நூறு செஞ்சா சோம்பேறிம்பான். நூத்திப் பத்து செஞ்சா அடுத்த வருஷத் திட்டத்தை ஏத்திடுவான். நூத்தி மூணுதான் மரியாதை. இங்க எழுபது செஞ்சாலே கைதட்டறாங்க. இலக்கை உசரமா வைக்கணுமாம், எட்டக்கூடாதாம். எப்படியும் ரெண்டு இடத்துலயும் ஒருத்தனும் நூறு செய்யலை பாரு.”

வயதானவர்களுக்கும் இங்கே இடம் உண்டு என்று காட்ட, அவர் படத்தை அலுவலக வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அதில் பெரிய கவலை. “இதுக்கு முன்னால ஒரு தடவை கௌரவப் பலகையில என் போட்டோவை மாட்டினாங்க. ரெண்டே வருஷம். அந்தக் கம்யூனிஸ்ட் நாடே போச்சு.”

நிறுவனப் பெயர் அச்சடித்த பனியன் வந்தது. அலமாரியில் பழைய தொழிலாளர் விளையாட்டுப் போட்டிப் பனியனுக்கு அடியில் வைத்தார். விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை வேலைக்கு வரலாம் என்று அறிவிப்பு வந்தது. “விருப்பமுள்ளவங்க!” என்று சிரித்தார். “அந்தக் காலத்துல சனிக்கிழமை தெருக் கூட்டவும் இப்படித்தான் கூப்பிடுவான். துடைப்பம் யார் கொண்டு வரணும்னு மட்டும் கேளு.” சனிக்கிழமை முதல் ஆளாகப் போய் நின்றார். அப்போது அம்மா இருந்தாள்; கேக் மிச்சமிருந்தது என்று அவளுக்கு ஒரு துண்டு கட்டிக்கொண்டு வந்தார். எங்கே போனாலும் கோட்டுப் பையில் மடித்த வலைப்பை ஒன்று இருக்கும். எந்தக் கடையில் எது கிடைக்கும் என்று தெரியாத காலத்துப் பழக்கம். இன்று எல்லாக் கடையிலும் எல்லாமும் கிடைக்கிறது. பை இன்னும் பையில்தான் இருக்கிறது.

அவர் ஒப்புக்கொள்ளாதது ஒன்றுதான். அங்கே எல்லாரும் எல்லாரையும் ‘நீ’ என்று அழைக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதுக்காரரை இருபத்தாறு வயதுப் பெண் “ஹெல்துர், நீ சொல்லு” என்பாள். குடும்பம் மாதிரி என்று விளக்கம். அப்பா பதிலுக்கு ‘நீங்க’ என்றுதான் சொல்வார்.

“கட்சிக்காரங்கதான் முன்னப்பின்ன தெரியாதவனை நீன்னு கூப்பிடுவாங்க. எவனாவது திடீர்னு வந்து தோள்ல கைபோட்டு ‘நீ எப்படி இருக்கே, ஹெல்துர்’னா, அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு.”

போன இலையுதிர் காலத்தில் ஒரு காலைக் கூட்டத்தில் ஒரு முகம் குறைந்தது. அவன் பெயர் பட்டியலில் இல்லை. அவன் எழுதிய செய்திகளில் பெயர் இருந்த இடம் சாம்பல் நிறமாக இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நிறம் சொன்னார்கள். “முன்னெல்லாம் வேண்டாதவனைப் போட்டோல இருந்து கத்தரிக்க ஒரு ஆள் வேணும். கத்தரிக்கோல் வேணும்” என்றார் அப்பா.

எனக்குக் கோபம் வந்தது. “அப்படியே அந்தக் காலம்தான்ப்பா இது. ஒரு வித்தியாசமும் இல்ல.”

அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். “அப்படிச் சொல்லாதே. எங்க அத்தையை மாடு ஏத்தற ரயில் பெட்டியில ஏத்தி சைபீரியாவுக்கு அனுப்பினாங்க. திரும்பி வந்தப்ப வாயில ஒரு பல் இல்ல. அதையும் இதையும் ஒரே தட்டுல வைக்காதே. இவங்க யாரையும் எங்கயும் அனுப்பறதில்ல.” ரொட்டியைத் திரும்பக் கையில் எடுத்தார். “வீட்டுக்குத்தான் அனுப்பறாங்க.”

அப்போது அம்மா பக்கத்து அறையில் நோய்ப் படுக்கையில் இருந்தாள்; அவளைப் பார்க்க நான் வந்திருந்தேன்.

பைன் மரங்களுக்கு நடுவில் அம்மாவைப் புதைத்தது ஒரு சனிக்கிழமை. மண் உறைந்திருந்தது. திங்கட்கிழமை காலை அப்பா கோட்டை மாட்டிக்கொண்டார். துக்க விடுப்பு இருக்கிறது, இன்று வேண்டாம் என்று நான் சொன்னது காதில் விழவில்லை. திரையில் எல்லா முகங்களும் அவருக்காகவே காத்திருந்தன. விஷயம் எல்லாருக்கும் தெரியும், பூக்கள்கூட அனுப்பியிருந்தார்கள். இதயங்கள் தயாராக இருந்திருக்கும்.

“பச்சை” என்றார் அப்பா.

ஒரு இதயமும் மிதக்கவில்லை. பிறகு அடுத்தவர் தன் நிறத்தைச் சொன்னார்.

அது தவறாகப் போயிற்று என்று அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. கூட்டத்தில் கேட்டால் எல்லாம் நன்று என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்பது அவர் வாழ்நாளெல்லாம் கற்றது. இங்கே அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். மனைவி செத்த வாரத்தில் பச்சை சொல்கிற ஆள். ஏப்ரலில் ஆட்குறைப்பு அறிவித்தார்கள். யார் போவது என்பதற்கான மதிப்பெண்களில் ‘மனம் திறத்தல்’ ஒன்று. அதில் அப்பாவுக்குத்தான் கடைசி இடம்.

இதைச் சொல்ல கெர்து திரையில் தனியாக அழைத்தாள். பணியாளர் நலத்தைக் கவனிக்கும் பெண்; அந்த இருபத்தாறு வயதுக்காரி. நான் மேசையின் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஹெல்துர், உன் வேலையில ஒரு குறையும் இல்ல. எல்லாரும் சொல்றாங்க. ஆனா உன்னை யாருக்கும் தெரியலை.”

“என் படம் வாசல்லயே இருக்கே.”

“விளையாடாதே, ப்ளீஸ். மூச்சுப் பயிற்சிச் செயலி ஒண்ணு அனுப்பினேனே, திறந்தியா?”

“திறந்தேன். அதுல மூணு பிழை இருக்கு. எழுதி அனுப்பியிருக்கேன்.”

கெர்து கண்ணை மூடித் திறந்தாள். கெட்ட பெண் இல்லை. அவள் கண்ணுக்குக் கீழேயும் கறுத்திருந்தது. அவளுடைய பெயரும் ஏதாவது ஒரு பட்டியலில் இருக்கும்.

“வெள்ளிக்கிழமை நிறம் சொல்றப்போ ஒரு வார்த்தை சொல்லு. பச்சை வேண்டாம். சிவப்புன்னு சொல்லு போதும். வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அது பதிவாகும். நான் பேசிக் காப்பாத்திடுவேன். அன்னிக்கு மத்தியானம் பட்டியல் போயிடும்.” பிறகு குரல் இறங்கிற்று. “சொல்லிடுங்க. உங்களை அனுப்பற வேலையை என்னைச் செய்ய வைக்காதீங்க.”

நீங்க என்றுவிட்டாள். அப்பா லேசாகத் தலை குனிந்தார்.

வியாழக்கிழமை மாலை இருவரும் பக்வீட் தானியக் கஞ்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மடிக்கணினி மேல் தலையணை இருந்தது. அம்மாவின் நாற்காலியில் அப்பாவின் கோட்டு தொங்கியது.

“சொல்லிடுங்களேன்ப்பா. ஒரு வார்த்தைதானே. பொய்யும் இல்ல.”

“பொய்னா சொல்லிருப்பேன்.”

“புரியலை.”

அவர் கரண்டியால் கஞ்சியின் ஓரத்தைச் சரிசெய்தார். “அந்தக் காலத்துல கூட்டம் போட்டு கையைத் தூக்கச் சொல்வாங்க. தூக்குவேன். கை தூக்கினப்போ உள்ள என்ன நெனச்சேன்னு எவனும் கேக்கலை. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையைக் குடுத்துட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு வந்துடலாம். உங்கம்மாகிட்ட. இவங்க நல்லவங்கதான், அடிக்கலை, மிரட்டலை. ஆனா கையை வேண்டாங்கறாங்க. மிச்சம்தான் வேணுமாம்.”

“அப்ப விட்டுடுங்க. பென்ஷன் வருதுல்ல. எதுக்கு இந்த வேலை?”

அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

“காலைல ஒம்பது மணிக்கு யாரோ ‘ஹெல்துர்’னு கூப்பிடறாங்க” என்றார். “நீ அப்பாங்கறே. கடைக்காரி ஒண்ணும் சொல்றதில்ல. அந்தப் பேரைச் சொல்ல வேற யாரு இருக்கா இப்போ?”

தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். நான் துடைத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை. கோட்டு, பொத்தான், கலைக்களஞ்சியம். தலையணையைச் சோபாவில் வைத்துவிட்டு வந்து நின்றார். நிறங்கள் வரிசையாக வந்தன. எல்லாருக்கும் பட்டியல் பயம். அன்று மஞ்சளும் சிவப்புமாகக் கொட்டியது. சீம் அழுதேவிட்டான். இதயங்கள் மிதந்தன.

“ஹெல்துர்?” என்றாள் கெர்து.

அப்பா சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். திரையில் சீம், நான் முதல்முறையாகப் பார்க்கிறேன், எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஹெல்துர், உங்க நிறம் என்ன?” எல்லார் முன்னாலும் அப்படித்தான் கேட்டாள்.

“ஒரு நிமிஷம்” என்றார்.

சோபாவுக்குப் போனார். தலையணையை எடுத்து வந்தார். பட்டனைத் தொடவில்லை, மூடியை இறக்கவில்லை. திரையை முழுதாக மறைக்கும்படி தலையணையைச் சாய்த்து, ஓரங்களைச் செருகி, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தார். கெர்துவின் குரல் எங்கோ பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல உள்ளே கேட்டது. ஹெல்துர், இருக்கீங்களா?

அப்பா மேசைக்கு இந்தப் பக்கம் குனிந்தார். “சிவப்பும்மா” என்றார் என்னிடம், மெதுவாக. கைகள் தலையணையை விடவில்லை.