முறை போட்டுத் தூங்கியவர்கள்

புதன்கிழமை என்றால் எங்களுக்கு நூலகத்தின் பின்னறை. ஒரு கால் ஆடும் மேசை, ஏழு நாற்காலிகள், எட்டுப் பேர். எட்டாவது ஆள் காஜா அக்கா. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த தையல் கடையில் பதினெட்டு வருடம் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்து, காஜா எடுத்தவர், பெயரே அதுவாகிவிட்டது. நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாலும் உட்கார மாட்டார். "நாள் பூரா உட்காந்துதானே இருக்கேன், கொஞ்சம் நிக்க விடுங்க" என்று ஜன்னலோரம் நின்று, பொத்தான் தைத்தபடியே எங்கள் பேச்சைக் கேட்பார்.

வருடக்கணக்காகத் தெருவில் படுப்பவர்களை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்து அறை பார்த்துத் தருவது, கடைசியில் ஊரில் ஒருவர்கூட வெளியில் படுக்காதபடி செய்வது. அதுதான் எங்கள் திட்டம். பட்டியல் எழுதியது நகராட்சி எழுத்தரான நான். ஒவ்வொருவரிடமும் கேட்டு நிரப்பும் படிவத்தில் முப்பத்திரண்டு கேள்விகள். எல்லாம் என் மூளையில் உதித்தவை என்று தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பட்டியலில் முதல் இருவர், பேருந்து நிலையத்தில் பதினோரு வருடம் படுத்திருந்த குடைக்காரரும், பக்கத்திலேயே படுத்த மூட்டைக்காரரும். 'கூட யார் இருக்கிறார்கள்?' என்ற கேள்விக்கு இருவருமே "யாருமில்ல, தனியாள்" என்றார்கள். அப்படியே எழுதிக்கொண்டேன். குடைக்காரருக்கு வடக்குத் தெருவில் அறை. காஜா அக்கா தான் குடியிருந்த மாடியிலேயே, தன் அறைக்கு அடுத்ததாகப் பேசி வாங்கித் தந்தது அது. மூட்டைக்காரருக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம். சாவி கொடுத்த அன்று எல்லோரும் கைதட்டினோம்.

நாலாம் நாள் இருவரும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். ஏழு நாள் பூட்டிக் கிடந்தால் அறை அடுத்தவருக்குப் போய்விடும். அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

"கொடுத்தும் வேணாம்னா நாம என்னதான் செய்யிறது?" என்று கூட்டத்தில் எரிந்து விழுந்தேன்.

அக்கா ஊசியைக் காலரில் குத்தி வைத்தார். "மத்தியானம் என் கடைக்கு வந்து நின்னு பாரு தம்பி."

போனேன். குடைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் மூட்டைக்காரர், இருவர் செருப்பையும் பையையும் மடியில் வைத்துக் காவல். கொஞ்ச நேரம் கழித்து மூட்டைக்காரர் குடைக்காரரின் தோளைத் தட்டினார். இவர் எழுந்து உட்கார்ந்தார், அவர் படுத்தார்.

"இத்தன வருஷமா இப்படித்தான். ஒருத்தர் முழிச்சிருந்தாத்தான் இன்னொருத்தருக்குத் தூக்கம் வரும். நீ ஆளுக்கொரு பக்கம் பூட்டி வச்சிட்ட" என்றார் அக்கா.

என்னை ஏட்டுச் சுரைக்காய் என்றால் சுரைக்காய்க்கே கோபம் வரும். அவ்வளவு வெட்கம் எனக்கு.

அடுத்தடுத்த அறைகள் எங்கும் காலியில்லை. தேடியதிலேயே ஆறாம் நாளும் வந்துவிட்டது. அன்று அக்கா சொன்னார்: "என் ரூம மூட்டைக்காரருக்குக் குடுத்துரு. ஆத்துக்கு அந்தப் பக்கம் நான் போயிக்கிறேன்."

"கடைக்கு அரை மணி நேரம் நடக்கணுமேக்கா."

"நாள் பூரா உட்காந்துதானே இருக்கேன்."

அதன் பிறகு படிவத்தில் முப்பத்துமூன்றாவது கேள்வி ஒன்று சேர்ந்தது: 'நீங்கள் தூங்கும்போது யார் விழித்திருப்பார்கள்?' ஒரு புதன்கிழமை அதை விளையாட்டாக அக்காவிடமே கேட்டேன். முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தார். "அந்த எடத்தக் காலியா விடு தம்பி" என்றார். ஏன் கேட்டோம் என்றிருந்தது.

எங்கள் கூட்டம் நின்று வருடங்களாகிவிட்டன. பின்னறையில் இப்போது பழைய நாளிதழ்களை அடுக்கியிருக்கிறார்கள். கால் ஆடும் ஒரு மேசைக்காக மனசு இப்படி ஏங்கும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

போன மாதம் அக்காவுக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு, மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தா பெஞ்சில் மூட்டைக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலருகே குடைக்காரர், அக்காவின் செருப்பையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறக்கப் போவதைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"மெதுவா சார். அக்கா தூங்குறாங்க. இப்ப என் முறை."