எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்

டாக்டர் கேள்வியை முடிப்பதற்குள் குணாளனின் கழுத்து மனைவி பக்கம் திரும்பிவிடும். எத்தனை வருடமாக இனிப்பு நீர் வியாதி, எந்தக் காலில் ஆணி குத்தியது, காலையில் என்ன மாத்திரை என்று எது கேட்டாலும் அந்த மனிதரிடம் இருக்கும் ஒரே பதில் அதுதான். மீதியைப் பிரேமாவதி பார்த்துக்கொள்வார்.

"ரெண்டாயிரத்துப் பதினொண்ணு, ஆகஸ்ட்டு, டாக்டர். அப்ப இனிப்பு பதினாறு. போன தடவ குடுத்த நீட்டு மாத்திர இவருக்கு ஆகல. நாலு நாள் வயிறு கலங்கி, லீவு போட்டுட்டு டிவி பாத்தாரு."

பீடோங் ஊருக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில், வீட்டு வாசலில் குடை விரித்துக் காலைப் பசியாறைக் கடை நடத்துகிறார் பிரேமாவதி. தோசை, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், கூடவே இலவச மருத்துவ ஆலோசனை. இனிப்பு நீர்க்கார வாடிக்கையாளர் மனோகரனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே சீனியும் பாலும் போடாத தே ஓ தேநீர் மேசைக்கு வந்துவிடும். மனிதர் கெஞ்சினாலும் சீனி வராது. இன்னொரு வாடிக்கையாளர் நடராஜாவின் கால் வீங்கியிருந்தால் மிளகாய்ச் சம்பல் பாதியாகிவிடும். "கிட்னி ஒங்களுது அண்ணே, ஆனா சம்பல் என்னோடது" என்பார்.

கைப்பையில், வீட்டார் மருந்துக் கணக்கு எழுத ஒரு சின்ன 555 நோட்டு. கணவருக்கு ஒன்பது பக்கம். மாமியாருக்கு நாலு, மாமியார் போய் எட்டு வருடமாகியும் அவருடைய பிரஷர் மாத்திரைகள் அதில் பத்திரமாக இருக்கின்றன. மகள் ரூபினிக்கு மூன்று, வீட்டுப் பூனைக்கு அரைப் பக்கம். கடைசிப் பக்கத்தின் தலைப்பில் 'பிரேமாவதி' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறார். அதற்குக் கீழே, மாரியம்மன் கோயில் திருவிழாக் கேசரிக்கு ரவை பன்னிரண்டு கிலோ.

போன மாதம் தேங்காய் உடைக்கும்போது வலது கை விரலில் பட்ட வெட்டு சீழ் பிடித்து, மணிக்கட்டு வரை வீங்கிவிட்டது. நாலு நாள் மஞ்சள் பூசிப் பார்த்துவிட்டு, முதல் முறையாகத் தன் பெயருக்கு நம்பர் எடுத்துக் கிளினிக்கில் உட்கார்ந்தார் பிரேமாவதி, துணைக்குக் குணாளன். உள்ளே இருந்தவர் புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் டிஃபனி.

"முன்ன ஏதாச்சும் சீக்கு இருந்துச்சா ஆன்ட்டி?"

பிரேமாவதியின் கழுத்து கணவர் பக்கம் திரும்பியது. குணாளனின் கழுத்து சுவரில் இருந்த டெங்கிக் கொசுப் படத்தின் பக்கம் திரும்பியது.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்."

"ஆபரேஷன்?"

"ஒண்ணும் இல்ல. ஆங், கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. அதுவும் ஆபரேஷன்லா?"

"எந்த வருஷம்?"

"பக்கத்து வீட்டு விக்னேஸ்வரன் எஸ்.பி.எம். பரீட்ச எழுதுன வருஷம்."

விக்னேஸ்வரன் யாரென்றே தெரியாத டாக்டர், கணினியில் அந்த இடத்தைக் காலியாக விட்டார். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்றும் கேட்டார். எனக்கா, இல்லவே இல்லை என்று பதில் வந்தது. தாதி ஊசியோடு வந்து நின்றாள்.

"ஊசின்னதும் ரூபினி கல்யாணந்தான் நெனப்பு வருது" என்று கையை நீட்டியபடியே பிரேமாவதி பேச்சுக் கொடுத்தார். "அன்னிக்குக் காலையில தொண்ட வலின்னு ஒரு ஊசி போட்டுக்கிட்டேன். தாலி கட்டுறதுக்குள்ள மூஞ்சி பூரி மாதிரி உப்பிருச்சு. மூச்சே விட முடியல. போட்டோவுக்குத் தாம்பாளத்த மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டு நின்னேன்."

டாக்டர் எழுந்து தாதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன ஊசி ஆன்ட்டி அது?"

"அது தெரியல. சாம்பார்ல உப்பு கம்மி, அது நல்லா ஞாபகம் இருக்கு."

அந்த ஊசியும் இந்த ஊசியும் ஒரே வகையாக இருக்கலாம், போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர். வேறு மருந்து எழுதினார். விரலுக்குக் கட்டுப் போட்டார்கள். எங்கே போனாலும் காட்டச் சொல்லி, ஒவ்வாது என்று சந்தேகப்படும் மருந்தின் பெயர் எழுதிய சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள்.

வெளியே நாற்காலியில் குணாளன் அந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல்யாணத்தன்னிக்கா? எனக்குத் தெரியாதே."

"நீங்க பந்தியில இருந்தீங்க."

குணாளன் மனைவியின் கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, ரவையைக் குறுக்காக அடித்துவிட்டு, அட்டையைப் பார்த்து அந்த மருந்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக எழுதினார். ஒரு தடவைகூடக் கழுத்தைத் திருப்பவில்லை.

பிரேமாவதி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. பிறகு பேனாவை வாங்கி, எழுத்து வராத இடது கையால், மருந்தின் பெயருக்குக் கீழே கோணல்மாணலாக எழுதினார்: ரவை பன்னிரண்டு கிலோ.