துபாய் நேரத்தில் ஓர் ஏலத்தோட்டம்

கேரள மலையில், சக்குபள்ளத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்ட அலுவலகத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். என் கடிகாரத்தில் மணி நாலு. வேலை முடித்த பெண்கள் மெஷினில் விரல் பதித்துவிட்டுக் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பம் ஊருக்கு ஜீப் ஏற வேண்டும். கம்ப்யூட்டரோ இரண்டரை என்கிறது.

முதலாளி துபாயிலிருந்து கொண்டுவந்த ரவுட்டரை இன்று மதியம் மாட்டினார்களாம். அது அனுப்பும் துபாய் நேரத்தைக் கம்ப்யூட்டர் தானாகவே எடுத்துக்கொண்டுவிட்டது.

"இப்ப விரல் வச்சா அரைநாள்தான் பதியும். இன்னும் ஒன்றரை மணி நேரம் நில்லுங்க," என்கிறார் கிளார்க்.

"நேரத்தை நீங்களே மாத்திடலாமே?" என்கிறேன்.

"பாஸ்வேர்டு மேனேஜர்கிட்ட இருக்கு. அவரு கோட்டயம் போயிருக்காரு."

கிளார்க் கையிலுள்ள போனிலும் மணி நாலுதான்.

வரிசையின் முன்னால் நனைந்து நிற்கும் செல்லத்தாய் குரலை உயர்த்துகிறார். "கம்ப்யூட்டருக்குத் துபாய் நேரந்தான் வேணும்னா, அது துபாய்ல போய்க் காய் எடுக்கட்டும் சார்!"

அலமாரியிலிருந்து பழைய வருகைப் பதிவேட்டைச் செல்லத்தாயே எடுக்கிறார். பேரும் மணியும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். மற்ற பெண்களும் போடுகிறார்கள்.

"மேனேஜர் கேட்டா நான் என்ன சொல்ல?" என்கிறார் கிளார்க்.

"நாலு மணின்னு சொல்லுங்க. கீழ நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

செல்லத்தாய் பேனாவை நீட்டியபடி நிற்கிறார். கிளார்க் கையெழுத்துப் போடும்வரை ஒருத்திகூட ஜீப்பில் ஏறவில்லை.