ரிசப்ஷனில் பெர்சி

பெயரைக் கேட்டு எழுதும்போதே பெர்சி ஆளின் முகத்தைப் பார்த்துவிடுவாள். காய்ச்சல் என்று வந்து நிற்பவனிடம், "வீட்டுக்குப் போன் பண்ணி எத்தன நாளாச்சு மக்களே?" என்று கேட்பாள். கேட்ட கையோடு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கும் சின்ன கிளினிக் அது. அங்கே அவளுக்கு டோக்கன் கொடுக்கும் வேலை. குளச்சல்காரி, சமூகப் பணியில் முதுகலை படித்தவள். முன்பு அபுதாபியைச் சேர்ந்த ருவைஸில் மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருந்தாள். ஆலையில் விரல் போனவன், ஊரில் மனைவி இறந்த செய்தி வந்தவன் என்று எல்லோர் கட்டிலருகிலும் அவள்தான் உட்கார்ந்திருப்பாள். கணவர் யேசுராஜுக்கு ஷார்ஜாவுக்கு மாற்றலானது. அபுதாபி கொடுத்த லைசன்ஸ் இங்கே செல்லாது என்றார்கள். மறுபடி சான்றொப்பம், மறுபடி பரீட்சை, மறுபடி காத்திருப்பு.

"ஒரே நாடுதானே. பஸ்ஸில வந்ததுக்குள்ள எனக்க படிப்பு அழிஞ்சா போச்சு?" என்று சிரிப்பாள். இப்போதெல்லாம் அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றுவிடுகிறது.

மேனேஜர் பிஜுவும் நாகர்கோவில் பக்கம்தான். "அக்கா, கவுன்சலிங் ஒண்ணும் வேண்டாம். இன்ஸ்பெக்ஷன் வந்தா கிளினிக்கப் பூட்டிருவாவ" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

கட்டட வேலை செய்யும் அழகுமலை அதே வயிற்று வலியோடு மறுபடியும் வந்தான். பக்கத்தில் நின்றவன் சாரத்திலிருந்து விழுந்து செத்ததைப் போன தடவையே சொல்லியிருந்தான்.

"மேல ஏறுனா கண்ணு கீழதாங்க்கா போகுது."

பெர்சி பேனாவை வைத்தாள். "குதிச்சிரலாம்னு தோணுதா?"

அவன் ஆமாம் என்று தலையசைத்தான்.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினார். தானே கூட்டிப் போவதாகச் சொன்னதும் பிஜு, "அக்கா, நீங்க..." என்று தொடங்கி, அழகுமலையைப் பார்த்துவிட்டு, "யல்லா, போயிட்டு வாங்க" என்றார்.

மருத்துவமனையில் இருந்த சமூகப் பணியாளர் ஓர் இளம் அரபுப் பெண். தமிழ் தெரியாது. நீங்கள் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தெரிந்தவள் என்றாள் பெர்சி.

"மொழிபெயர்த்தால் போதும். நீங்களாக எதுவும் கேட்கக் கூடாது."

பெர்சி தலையாட்டினாள். தூக்கம் எப்படி இருக்கிறது என்று முதல் கேள்வி வந்தது. அதைத் தமிழில் சொல்லும் முன், அவள் தன் நாற்காலியை அழகுமலையின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.