கரண்ட் போனா நிக்கிற நடை

எம் பொண்ணு ஒம்பதாவது படிக்கறப்ப, கோயமுத்தூர் டாக்டரம்மா அவ போன்ல ஒரு ஆப் ஏத்திக் குடுத்தாங்க. அவ கழுத்துப் பின்னால படிஞ்சிருந்த கறுப்பை எம் பொண்டாட்டி அழுக்குன்னு நெனச்சு, பீர்க்கங்கா நாரு போட்டுத் தேச்சுட்டே கெடந்தா. "அது அழுக்கில்லீங்க, எடை ஜாஸ்தியானதால வர்றது. சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது, உள்ள வுடாம பாத்துக்கோங்க"ன்னாங்க டாக்டரம்மா. சர்க்கரையிலதான் எங்கப்பாவுக்கு ஒரு காலையே எடுத்தாங்க. பதினாலு வயசுப் புள்ளைக்கு அந்தப் பேரைச் சொன்னதும், டாக்டரம்மா சொன்னதுக்கெல்லாம் சரி சரின்னு தலையாட்டினேன்.

ஆப்புல ரெண்டு சோலி. தின்னதை நாம எழுதணும், நடக்கறப்ப எடுத்து வெக்கற எட்டை அதுவே எண்ணிக்கும். எம்பட போன்லயும் தெரியற மாதிரி பண்ணிக் குடுத்தாங்க. எனக்கு அது பெரிய வேடிக்கையாப் போச்சு. சோமனூர்ல எட்டு விசைத்தறி ஓட்டறவன் நான். ஊட்டை ஒட்டித்தான் தறிக்குடோன். அந்தச் சத்தத்துக்கு நடுவுல உக்காந்து போனையே நோண்டிட்டு இருப்பேன். பாஸ்தா, பீட்சான்னு அதுல என்னென்னமோ இருக்கு, எங்கூட்டு அரிசிம்பருப்புச் சோத்தை மட்டும் காணோம். "அதை எதுல கண்ணு போட்டே?"ன்னா, "கிச்சடின்னு போட்டனுங்கப்பா"ன்னு சிரிப்பா.

சாயங்காலம் நான் டீக்கடைக்குக் கெளம்பற நேரத்துக்கு, பள்ளிக்கூடம் விட்டு வந்தவ கிரவுண்டுக்கு நடக்கப் போறேன்னு கெளம்புவா. ஒரு மணி நேரத்துல ஏழாயிரம், எட்டாயிரம் எட்டு! டீக்கடையில போனை எடுத்துக் காட்டாத ஆளில்ல. அத்தனை பெருமை எனக்கு.

ரெண்டு மாசம் கழிச்சு எடை போட்டா, எறங்கக் காணோம், அரைக் கிலோ ஏறியிருக்கு. டாக்டரம்மா ஆப்பைப் பாத்தாங்க, அவளைப் பாத்தாங்க. "இத்தனை நடந்தும் எறங்கலீன்னா உள்ள வேற ஏதோ இருக்குங்க. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா, ரத்தமெல்லாம் எடுத்துப் பாத்து மாத்திரை ஆரம்பிச்சர்லாம்"ன்னாங்க.

ஊட்டுக்கு வந்ததும் எம் பொண்டாட்டி, "ஏனுங்க, இவ திருட்டுத்தனமாத் திங்கறாளுங்க"ன்னு சொல்லி மிக்சர் டப்பாவைத் தூக்கி பீரோவுல வெச்சுப் பூட்டினா. புத்தகப் பையைக் கொட்டிப் பாத்தா. நாலு இட்லி ரெண்டாச்சு. நானும் சும்மா இருக்கல, "வாயைக் கட்டறதுக்கு என்ன கேடு உனக்கு?"ன்னு கத்தினேன். அவ ரெண்டு இட்லியைத் தின்னுட்டுத் தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போயிட்டா.

ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் புடிபடவே இல்ல. அந்த ஆப்புல எந்நேரத்துக்கு எத்தனை எட்டுன்னு கோடு கோடாக் காட்டும். ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போயி இருபது நிமிஷம் தறியெல்லாம் நின்னுச்சு. மறுநா பாக்கறேன், அதே இருபது நிமிஷம் அவ நடையும் நின்னிருக்கு. சரி, எங்காவது உக்காந்திருப்பான்னு வுட்டுட்டேன். மாசம் ஒருநாள் பராமரிப்புன்னு காலையிலிருந்து இருட்டற வரைக்கும் கரண்டை நிறுத்துவாங்களே, அன்னிக்குப் பாத்தா மொத்தமும் சைபர்! தறி நின்ன நேரத்தைச் சுவத்துல சாக்பீஸ்ல குறிச்சு வெக்கறது எம் பழக்கம். சுவத்தையும் போனையும் மாத்தி மாத்திப் பாத்தேன். ஒண்ணு தவறாம ஒத்துப்போச்சு. அட, கரண்ட்லயா நடக்கறா எம் பொண்ணு?

மறுநாள் சாயங்காலம் டீக்குப் போகாம குடோனுக்குள்ள தேடினேன். கடைசித் தறியோட சட்டத்துல, சுவத்துப் பக்கமா, ஒரு துணிப்பை தொங்கிட்டிருக்கு. தறி அடிக்கற அடிக்கெல்லாம் குலுங்குது. உள்ள போனு. நான் பாக்கப் பாக்கவே எண்ணிக்கை ஏறுது. மூவாயிரத்து நூறு, மூவாயிரத்து நூத்திப்பத்து. பொய் சொல்லக்கூடாது, மொதல்ல எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. இது எப்படித் தோணுச்சு இந்தக் கழுதைக்கு!

நூல் மூட்டைக்குப் பின்னால உக்காந்து படிச்சுட்டு இருந்தா. கையைப் புடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தேன்.

"ஓடற தறிகிட்டப் போயி கை கிய்யி மாட்டியிருந்தா என்னாயிருக்கும்? நடக்கறதுக்கு என்ன நோவு உனக்கு?"

"மொத வாரம் நடக்கத்தானுங்கப்பா போனேன்," தலையே நிமுரல. "வழியில இருக்கற குடோனுக்காரங்க எல்லாம் எட்டிப் பாத்து, 'பாவு பீம் வருது, பாவு பீம் வருது'ங்கறாங்க. ரோடே சிரிக்குது."

பாவு பீம்னா, நூலைச் சுத்திக் குண்டா வர்ற உருளை. ரெண்டு ஆளாவது சேந்து தூக்கணும். எனக்கு ரத்தம் கொதிச்சுது.

"எந்த நாயி அப்படிச் சொன்னது? இப்பவே போயி பல்லைக் கழட்டறேன். மொதல்ல யாரு வெச்சாங்க அந்தப் பேரை? சொல்லு!"

அவ உள்ள போகத் திரும்பினா. நான் வுடல.

"நீங்கதானுங்கப்பா. பாவு எறக்க வந்தவங்ககிட்ட, 'எம்பட பாவு பீம் வந்துருச்சு பாருங்க'ன்னு சொன்னீங்க. அவங்கதான் ஊரெல்லாம் சொல்லிட்டாங்க."

சொல்லியிருப்பேன். ஆசையாச் சொன்னது. எனக்கு ஞாபகங்கூட இல்ல.

"வலிச்சுதுன்னு அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல கண்ணு?"

"நானும் சிரிச்சனுங்கப்பா"ன்னா. "நான் சிரிச்சதைப் பாத்துத்தான் நீங்க மறுபடி மறுபடி சொன்னீங்க."