தட்டில் ஒற்றைக் கண்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது பட்டப்பகலில். நம்பாதவர்கள் போகட்டும். கெஞ்சப் போவதில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் என் பட்டறை. ஃபைபர் சிலைகளுக்கு வண்ணம் அடிக்கிறேன். முருகனுக்கும் அடிப்பேன், மாதாவுக்கும் அடிப்பேன். போன மார்ச்சில் என் வலது கண்ணுக்குக் கருவிழி மாற்றினார்கள். செத்துப்போன யாரோ கொடுத்த தானம். அதற்குப் பிறகு நான் கண் எழுதும் முதல் சிலை இது. இதில் சொதப்பினால் பிரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

சிலை, புனித லூசியா. கிறிஸ்துவுக்காக உயிரைக் கொடுத்தவர். அவர் கண்களைப் பிடுங்கினார்கள் என்பார்கள். அதனால் கையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு கண்கள். கண் நோய் வந்தவர்கள் அவரிடம் வேண்டிக்கொள்வார்கள். மகளைப் பறிகொடுத்த சகாயமேரி என்ற அம்மா, மதுக்கரைப் பக்கம் ஒரு சர்ச்சுக்குக் காணிக்கையாகக் கொடுக்கிறார். நாலு மணிக்கு வண்டி வரும்.

அன்றைக்குப் பார்த்து மாதாந்திர மின்தடை. ஃபேன் இல்லை. கொசு வேறு.

மணி 2.10. முகத்தில் கண் திறந்தேன். கண்ணாடி காட்டினேன். எந்தச் சாமியானாலும் கண் திறந்ததும் முதலில் தன்னைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் பட்டறை முறை அது. பிறகு தட்டில் இரண்டு கண்களை எழுதினேன். பழக்கதோஷம், அதற்கும் கண்ணாடி காட்டிவிட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேனோ என்னவோ.

2.35. டீ குடித்துவிட்டு வந்தேன். தட்டில் இடது கண் இல்லை. வெறும் ஈரத் தீற்றல்.

பூனையாக இருக்கும். திட்டிக்கொண்டே மறுபடி எழுதினேன். கதவைத் தாழிட்டேன். கை கழுவித் திரும்பினேன்.

2.55. மறுபடியும் இல்லை.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பூனை மேல் அல்ல, என் கண் மேல். எழுதாமலே எழுதியதாக நினைக்கிறேனா? அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி பிந்து ஃபோன் செய்தாள்.

"ஏனுங்க, கண்ணுக்கு மருந்து உட்டீங்களா?"

"உட்டாச்சு. வையி."

3.20. மூன்றாவது முறை எழுதினேன். அளவு பார்க்க இடது கண்ணை மூடினேன். புதுக் கண்ணால் மட்டும் பார்த்தேன்.

தட்டின் மேல் ஒரு கட்டைவிரல்.

சின்ன விரல். நகத்தில் பாதி உரிந்த சிவப்புச் சாயம்.

மெதுவாக... ஈரக் கண்ணைத் துடைத்தது. சர்ர்ர்...

இடது கண்ணைத் திறந்தேன். விரல் இல்லை.

எழுதிய கண்ணும் இல்லை.

அதற்கப்புறம் பிரஷ்ஷைத் தொடவில்லை. 4.05க்கு வண்டி வந்தது. சகாயமேரி இறங்கினார். தட்டையே பார்த்தார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

"என்னதுங்க?"

"எம்பொண்ணு அன்புக்கரசிக்கு... ஆக்ஸிடென்ட்டுல இடது கண்ணு போயிருச்சுங்க. வலது கண்ணு ஒண்ணுதான் தானம் குடுத்தமுங்க."

"எப்பங்க?"

"மார்ச் பத்தொம்பது. சாயங்காலம்."

யாருடைய கண் என்று ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. ஆனால் 'கண் வந்திருக்கு, உடனே வாங்க' என்று எனக்கு ஃபோன் வந்தது மார்ச் இருபது, காலை 7.15.

இப்போதெல்லாம் இடது கண்ணை மட்டும் மூட எனக்குப் பயம்.