மூத்தாள் மோதிரம்

மற்ற பெண்களெல்லாம் அடுத்த வீட்டுக்காரியின் கம்மலைப் பார்த்தோ, ஓரகத்தியின் பட்டுச்சேலையைப் பார்த்தோ வயிறெரிவார்கள். மாரித்தாய்க்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அவள் வயிறெரிந்தது செத்துப்போன ஒருத்தியைப் பார்த்து. உயிரோடு இருப்பவளென்றால் கிணற்றடியில் ஒரு நாள் பிடி பிடியென்று பிடித்துவிடலாம். செத்தவளிடம் எங்கே போய்ச் சண்டை போடுவது?

பனவடலிசத்திரம் போகிற ரோட்டோரத்தில் கொஞ்சம் மானாவாரிக் காடு வைத்துப் பிழைக்கிற துரைப்பாண்டிக்கு அவள் இரண்டாம் தாரம். மூத்தாள் இசக்கித்தாய் வாழ வந்த மறுவருஷமே காலராவில் போய்விட்டாள். போனவள் சும்மா போனாளா? வருஷா வருஷம் தை மாதம் அவளுக்குப் புதுச்சேலை வைத்துப் படைக்க வேண்டும். சங்கரன்கோவில் கடையில் துரைப்பாண்டி நின்று நிதானித்து எடுக்கிற ஒரே சேலை அதுதான். படைத்து முடிந்ததும் மாரித்தாய் அதைக் கும்பிட்டு எடுத்து உடுத்திக்கொள்ள வேண்டும். 'இந்த வீட்டில் சேலைகூட அவள் உடுத்தி எறிந்தால்தான் எனக்கு' என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வருஷமும் கொசுவம் வைப்பாள்.

இதெல்லாம் போகட்டும். அவளைத் தின்றது மோதிரம். கல்யாணமான புதிதில், வேப்பமரத்தடியில் கஞ்சி குடிக்க உட்காரும்போதெல்லாம் துரைப்பாண்டி அந்தக் கதையை எடுப்பான். களை வெட்டப் போன இடத்தில் இசக்கித்தாய் மோதிரத்தைத் தொலைத்துவிட்டாளாம். மண்ணைக் கையால் துழாவித் துழாவி, பொழுது சாயும்வரை அழுதாளாம். மோதிரத்தில் ஆறு இதழ்ப் பூ. களைவெட்டி பட்டு ஓர் இதழ் மடங்கியது. உள்பக்கம் ஒட்டுப் போட்ட இடம் கறுத்திருக்கும். கேட்டுக் கேட்டு மாரித்தாய்க்கு அந்த மோதிரம் கண்ணை மூடினால் தெரியும். அவள் விரலுக்கோ ஒரு பித்தளை வளையம்கூட வந்ததில்லை.

பிள்ளைகள் பிறந்தபின் அவன் அந்தப் பேச்சை விட்டுவிட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் பெரிய ஆத்திரம். வாயால் சொல்கிறவரை வெளியே கிடந்தது, இப்போது நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டான் என்று நினைத்தாள். அவன் வரப்பில் உட்கார்ந்து சும்மா வானத்தைப் பார்த்தாலும் போதும், 'அவளைத்தான் நினைக்கிறான்' என்று இவளுக்குச் சோறு இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் பிரபுதாஸ் ஒரு கருவியோடு ஊருக்கு வந்து சேர்ந்தான். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் கண்ணிவெடி தேடியவன். சண்டை முடிந்து, வெள்ளைக்காரனும் போனபின், பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் அந்தக் கருவியை எடுத்து வந்திருந்தான். நீளக் கம்பு, முனையில் வட்டத் தட்டு, முதுகில் பெட்டி, காதில் இரண்டு கிண்ணம்; மண்ணுக்குள் இரும்போ பொன்னோ கிடந்தால் அதில் சத்தம் கேட்கும். காட்டில் கலப்பைக் கொழு தொலைத்த சம்சாரிகள் அவனைக் கூப்பிடுவார்கள். அப்படி ஒருவருக்காகத் தேடப் போனவனுக்கு, களையெடுக்கிற பெண்கள் கஞ்சிக் கலயம் வைக்கிற வேப்பமரத்தடியில் ஒரு பொன்மோதிரம் அகப்பட்டது.

வேறு ஒருத்தனாக இருந்தால் மடியில் கட்டிக்கொண்டு போயிருப்பான். பிரபுதாஸ் வேதக்காரன், அதிலும் பிடிவாதக்காரன். "அடையாளம் சொல்லுதவங்களுக்குத்தான் மோதிரம்" என்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஜெபம் முடிந்ததும் சொன்னான், சந்தையிலும் சொன்னான். அந்த மரத்தடியில் எத்தனை வருஷமாக எத்தனை பெண்கள்! சிவப்புக் கல் என்று ஒருத்தி வந்தாள், பாம்பு முகம் என்று இன்னொருத்தி வந்தாள். வந்த வழியே போனார்கள்.

சேதி காதில் விழுந்ததும் மாரித்தாய்க்குக் கை கால் ஓடவில்லை. துரைப்பாண்டி வத்தல் மூட்டையோடு கோவில்பட்டிக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வந்து அந்த மோதிரத்தைப் பார்த்துவிட்டால்? கண்ணில் ஒற்றிக்கொள்வான். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பான். அப்புறம் இந்த வீட்டில் மூத்தாள் நிரந்தரமாகக் குடியேறிவிடுவாள். விடக்கூடாது என்று கிளம்பிவிட்டாள்.

"அண்ணாச்சி, அது என் மோதிரம்" என்றாள். பூவைச் சொன்னாள், மடங்கிய இதழைச் சொன்னாள், உள்ளே கறுத்த இடத்தைச் சொன்னாள்.

பிரபுதாஸ் அசந்துபோனான். "கையில வச்சுப் பாத்த மாதிரியில்லா சொல்லுதிய! இந்தாங்க தாயி, ஆண்டவர் ஒங்க பொருள ஒங்ககிட்ட சேத்துட்டாரு."

முந்தியில் முடிந்துகொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை கோமதியம்மன் உண்டியலில் போட்டுத் தலைமுழுகிவிடுவதாகத் திட்டம். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன்பே துரைப்பாண்டி வந்துவிட்டான். வரும் வழியில் டீக்கடையில் பிரபுதாஸ் அவனைப் பிடித்து, "ஒங்க வீட்டுக்காரி மோதிரம் கெடச்சுட்டு" என்று சந்தோஷமாகச் சொல்லியிருந்தான்.

மத்தியான வெயிலோடு உள்ளே வந்தவன், "ஒனக்கு ஏதுட்டி மோதிரம்? காட்டு" என்றான்.

மாரித்தாய் முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கண் கலங்கப்போகிறது, அதைப் பார்க்கச் சகிக்காது என்று அவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

"யாரோடதுட்டி இது?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியலையா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அக்காவோடது. களை வெட்டுதப்ப தொலச்சது."

"இசக்கித்தாயோடதா?" இன்னொரு தடவை பார்த்தான். "அவளுக்குக் கல்லு வச்சதுல்லா? பூப்போட்டதா அது? எவளோடதோ. பிரபுதாஸ்கிட்டயே திருப்பிக் குடுத்துரு."

அவள் கும்பிடாத சாமியெல்லாம் சேர்ந்து வரம் கொடுத்த மாதிரிதான். சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். மாரித்தாய்க்கு வந்தது ஆங்காரம்.

"நல்லாப் பாருங்க! இந்தா மடங்குன எதழு. இந்தா ஒட்டுப் போட்ட எடம். நீங்கதான சொன்னீங்க? பொழுது சாயுத மட்டும் அழுதான்னு சொன்னீங்களே, அதும் மறந்துட்டா?"

"வருசம் ஆயிப்போச்சுல்லா" என்று அவன் தலையைச் சொறிந்தான். ஒளிக்கிற முகமில்லை, நிஜமாகவே தேடிப் பார்த்துக் கிடைக்காத முகம். "எல்லாம் கனா மாதிரி இருக்கு. மொகமே வரமாட்டேங்கு மாரி. அவள நெனச்சா ஒன் மொகந்தான் வருது."

இத்தனை வருஷம் அவள் வேண்டிக்கிடந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான். அது காதில் விழுந்தபோது சந்தோஷம் வரவில்லை. இந்த வீட்டில் இசக்கித்தாயை மறக்காமல் வைத்திருந்தது தான் ஒருத்திதான் என்று அவளுக்குப் புரிந்தது.

அவன் கையிலிருந்து மோதிரத்தை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு நான் செத்தா," என்றாள், "எவ மொகம் வரும் ஒங்களுக்கு?"